அறிந்தவன் கடன்

விற்போனுக்கும் வாங்குவோனுக்கும் இடையே பணமும் பண்டமும் மட்டும் கைமாறினால் போதாது; அப்பண்டத்தைப் பற்றிய அறிவும் கைமாற வேண்டும். அரிசியை அள்ளிப் பார்க்கலாம். துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கலாம். ஆனால், ஒரு பழைய மகிழுந்தின் கியர் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க எவராலும் இயலாது. அதன் உள்நிலையை அறிந்தவன் ஒருவன். அதற்குப் பணம் கொடுப்பவன் மற்றொருவன். இவ்விருவருக்கும் இடைப்பட்ட இருளில்தான் அறம் பற்றிய வினா எழுகிறது.

நம் ஜொகூர் மாநிலத்தில் மகிழுந்து என்பது பலருக்கு ஆடம்பரப் பொருளன்று. குளுவாங்கில் குடியிருந்து தொலைவிலுள்ள தோட்டப்புறப் பள்ளிக்குச் செல்லும் ஆசிரியருக்கும், ஸ்கூடாயிலிருந்து பாசிர் கூடாங்கிற்கு இரவு வேலைக்குச் செல்லும் தொழிலாளிக்கும் அது கால் போன்றது. புதிய வண்டி வாங்க வசதியில்லாதோர் பழைய வண்டியை நாடுவது இயல்பு. அத்தகைய ஒருவர், தம் சேமிப்பை முன்பணமாகக் கட்டி, எட்டாண்டுகள் ஓடிய தானியங்கிக் கியர் வண்டி ஒன்றை வாங்கினார் எனக் கொள்வோம். மூன்றாவது வாரம், ஒரு மேட்டில் ஏறும்பொழுது முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது. வண்டி ஒரே கியரில் நின்று திணறுகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?

முதற்கடமை உயிரைக் காப்பது. கியர் மாறாமல் திணறுவது, மேலும் கெடாமல் தன்னைக் காத்துக்கொள்ள வண்டியின் கணினி செய்யும் ஏற்பாடாக இருக்கலாம். அதை மதித்து வண்டியை ஓரங்கட்டுவதே அறிவுடைமை. அடுத்த கடமை, நோயின் பெயரைச் சரியாக அறிவது. பட்டறையில் சோதனைக் கருவியைப் பொருத்தினால் 'பி 0700' போன்ற எண் தோன்றலாம். அவ்வெண் நோயின் பெயரன்று. கியர் பெட்டியை ஆளும் கணினி ஏதோ ஒரு குறையைக் கண்டிருக்கிறது என்னும் செய்தி மட்டுமே. எண்ணெய் குறைந்திருக்கலாம், கம்பி இணைப்பு தளர்ந்திருக்கலாம், எண்ணெயைத் திருப்பிவிடும் மின் அடைப்பான் பழுதாகியிருக்கலாம், உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளே தேய்ந்திருக்கலாம். முதலாவது சிறு செலவு. இறுதியானது ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு. காரணம் தெரியுமுன் விற்றவரைக் கள்வர் எனத் தூற்றுவது நீதியாகாது. அவரும் அறியாமல் விற்றிருக்கக் கூடுமன்றோ?

அறிந்தே விற்றிருந்தால் என்ன? அதே சோதனைக் கருவியால் குறையின் பதிவை அழித்துவிட முடியும். விளக்கு அணைந்துவிடும், குறை அணையாது. அது மீண்டும் தலைகாட்டச் சில நாள் ஓட்டம் தேவைப்படலாம். அதற்குள் வண்டி கைமாறிவிடும். எனினும், பதிவை அழித்தபின் வண்டியின் கணினி தன் சோதனைகளை முதலிலிருந்து தொடங்குவதால், அவை 'முடிவுறவில்லை' என்றே சில காலம் காட்டும். வாங்குமுன் பட்டறைக்காரரிடம் இதனையும் பார்க்கச் சொல்வது நலம்.

வாய் திறந்து பொய் சொல்லாதவன் குற்றவாளியா என்பது பழைய வினா. உரோமப் பேரறிஞர் சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் இதனை ஆராய்ந்தார். பஞ்சத்தால் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகன் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் தானியத்துடன் வருகின்றன என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும் என்றார் டயோஜெனிஸ் என்னும் அறிஞர். அறிந்ததை மறைக்கலாகாது என்றார் அவர் மாணவர் ஆன்டிபேட்டர். சிசரோ மாணவர் பக்கமே நின்றார். நம் முன்னோரும் இதற்கு மாறுபட்டவரல்லர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, அவர்தம் செல்வத்தோடு அவர்தம் நேர்மையான அளவையும் சேர்த்தே பாடுகிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போல் எண்ணி நடப்பதே வாணிகம் என்பதை வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்துச் சொன்னார். வாணிகத்தை அவர் நீதியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் என்பது சிந்திக்கத் தக்கது.

மறைப்பினால் வரும் கேடு ஒருவரோடு நிற்பதில்லை. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய மகிழுந்துச் சந்தையையே சான்றாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நல்ல வண்டி எது, கெட்ட வண்டி எது என்று வாங்குவோர் அறிய இயலாதபோது, எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே தர முன்வருவர். அவ்விலைக்கு நல்ல வண்டியை விற்க எவர் வருவார்? நல்லவை சந்தையை விட்டு விலகும், பழுதானவையே மிஞ்சும். 2001இல் அவருக்கு வேறிருவரோடு நோபல் பரிசு கிடைத்தது. ஒருவன் மறைத்த பொய்க்கு நேர்மையாளனும் விலை கொடுக்கிறான் என்பதே இதன் சாரம்.

ஏமாந்தவருக்கு நம் நாட்டில் வழியில்லாமற் போகவில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாய் இருக்க வேண்டும் என்கிறது. வாங்குமுன்பே ஒரு குறை தெளிவாக எடுத்துக்காட்டப்பட்டிருந்தால் அக்குறைக்காக விற்றவரைக் குற்றஞ்சாட்ட இயலாது என்றும் கூறுகிறது. உண்மை சொன்னவனைச் சட்டமே காக்கிறது! பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இன்றியே மூன்றாண்டுகளுக்குள் முன்வைக்கலாம். ஆகவே விற்பனைத் தாள், பட்டறை அறிக்கை, விளக்கு எரிந்த நாள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. முதலில் விற்றவரிடம் அமைதியாகப் பேசுக. பின் எழுத்தில் கேட்க. அதன்பின் தீர்ப்பாயத்தை நாடுக.

ஆயினும் கடினமான சோதனை இனித்தான் வருகிறது. விற்றவர் கைவிரிக்கிறார்; பழுதுபார்க்கப் பணமில்லை. பரிவுடைய நண்பர் ஒருவர் காதோடு சொல்கிறார்: "பதிவை அழித்துவிட்டு யாருக்காவது தள்ளிவிடுங்கள். நீங்களும் அப்படித்தானே வாங்கினீர்கள்?" இச்சொல்லில் ஒரு நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால், அடுத்து வாங்க வரும் தொழிலாளி நமக்கு எந்தக் கடனும் பட்டவனல்லன். கடன்பட்டவனிடம் கேட்க இயலாமல் வழிப்போக்கனின் மடியில் கைவைப்பது வசூலாகுமா? நமக்கு விற்றவர் ஒருவேளை அறியாதிருந்திருக்கலாம். விளக்கு எரியக் கண்ட நாம் 'அறியோம்' என்று சொல்ல இயலாது. அந்த விளக்கு எரிந்த நொடியிலேயே நாம் அறிந்தவராகிவிட்டோம். அறிவோடு கடமையும் வந்துவிட்டது.

உண்மை சொன்னால் இழப்பு உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. விலை சில ஆயிரம் குறையும், தவணையோ குறையாது. பிள்ளைகளின் படிப்புச் செலவை எண்ணும் தந்தைக்கு இது எளிய செய்தியன்று. ஆனால், உண்மை சொல்வது வண்டியை இலவசமாகத் தருவதாகாது. பட்டறை அறிக்கையை முன்வைத்து, குறையைச் சொல்லி, அதற்கேற்ற விலையைக் கேட்கலாம், பேரம் பேசலாம். பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் அதனை விரும்பி வாங்கவும் கூடும். அங்கே இருவரும் கண் திறந்தே கைகுலுக்குகின்றனர்.

தீமை ஒரு சங்கிலி. ஒவ்வொருவரும் தமக்கு முன்னிருந்த கண்ணியைச் சுட்டிக்காட்டியே தம் கண்ணியை மாட்டுகின்றனர். தன் கைக்கு வந்த இடத்தில் அதை நிறுத்துபவன் இழப்பைத் தாங்குகிறான். ஆயினும் முகமறியாத ஒரு குடும்பத்தை அவ்விழப்பிலிருந்து காக்கிறான். அக்குடும்பம் அவனுக்கு நன்றி சொல்லப் போவதில்லை. தனக்கு வரவிருந்த துன்பத்தை அது அறியவே அறியாது. எவரும் அறியாத அந்த நன்மையே அறத்தின் உரைகல்.