தியாகமா? விலையா?

ஊரே அஞ்சும் ஒருவன்; அவனுக்குப் பின்னே ஆற்றல் மிக்க குடும்பம். அவனை உறவாக்கிக்கொண்டால் பகை தீரும், பதவி வரும், படைத்துணை கிட்டும். உறவாக்க வழி? வீட்டிலே மணமாகாத பெண் இருக்கிறாளே! "குலத்துக்காக, நாட்டுக்காக ஒருத்தி தன் வாழ்வையே தருகிறாள், இது தியாகமன்றோ!" என்று வாழ்த்துப் பாடுவோர் என்றும் உண்டு. வாழ்த்துமுன், அது தியாகந்தானா என்று வரலாற்று ஏட்டைப் புரட்டிப் பார்ப்போம்.

1498-ல் பிரெஞ்சு நாட்டு அரியணை ஏறினான் பன்னிரண்டாம் லூயி. அவனுக்கு மனைவி இருந்தாள்; பெயர் ஜீன். ஆனால் அவன் கண்ணோ, மறைந்த மன்னனின் கைம்பெண் ஆன் மீது. காதலா? பிரிட்டானி நாடு அவளுடையது, அதுதான் காரணம்! முதல் மணத்தை முறிக்கப் போப்பின் இசைவு வேண்டும். ரோம் நகரில் அப்போது போப்பாக வீற்றிருந்தவர் ஆறாம் அலெக்சாண்டர். மணமே கூடாதென்ற அறநெறியின் உச்சியிலே இருந்த அவருக்கு மக்கள் பலர். அவர்களுள் ஒருவன் சீசர் போர்ஜியா.

1493-ல், இளைஞனாக இருக்கும்போதே, தந்தையின் தயவால் கார்டினல் ஆனவன் சீசர். 1498-ல் அந்த அங்கியைக் கழற்றி எறிந்தான். அவனுக்கு வேண்டியது அரசு. அதற்கு முந்திய ஆண்டு அவன் உடன்பிறந்தான் கொலையுண்டு ஆற்றிலே கிடந்தான். மெய்ப்பிக்கப்படவில்லையெனினும், ஊர் ஐயுற்றது சீசரைத்தான். அத்தகையவனோடு பேரம் முடிந்தது: மன்னனுக்கு மணவிலக்கு, போப்பின் மகனுக்குப் பிரெஞ்சு மண்ணில் கோமகன் பட்டமும் ஒரு மணமகளும்!

மணவிலக்கு வழக்கிலே லூயி சொன்ன காரணங்களுள் ஒன்றை நாம் மறக்கலாகாது. 1476-ல், தனக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, ஜீனின் தந்தையான அன்றைய மன்னன் அச்சுறுத்தியே தன்னை அவளுக்கு மணமுடித்தான் என்றான். தன் உள்ளம் இசையவில்லை என்றான். ஜீன் எதிர்த்து வழக்காடினாள், பயனில்லை. தீர்ப்பு மன்னன் பக்கம். ஆக, அச்சத்தால் நடந்த மணம் மணமாகாது என்பதை அன்றே அறிந்திருந்தனர்! அறிந்தவர்கள் அடுத்துச் செய்ததென்ன?

சீசருக்குப் பெண் தேடினர். நேப்பிள்ஸ் மன்னன் மகள் கார்லோட்டா அப்போது பிரெஞ்சு அரண்மனையில் இருந்தாள். அவளைக் கேட்டனர், முடியாதென்றாள். அவள் மறுப்பு நின்றது. ஏன் நின்றது? அவள் தந்தைக்கும் அந்த உறவு பிடிக்கவில்லை. மகளின் மறுப்புக்குப் பின்னே ஒரு மணிமுடி நின்றது.

அடுத்து அகப்பட்டவள் சார்லட். ஆல்பிரே குடும்பத்துப் பெண். நவார் நாட்டு மன்னனின் தங்கை. வயது பத்தொன்பது அளவு. அவள் தந்தையோ நெடுநாள் பேரம் பேசினான். 1499 மே மாதம் புளுவா நகரில் மணம் நடந்தது. 1500-ல் சார்லட்டின் உடன்பிறந்தான் ஒருவன் தலையில் கார்டினல் தொப்பி ஏறியது. தந்தை பெற்றார், தமையன் பெற்றான், மன்னன் பெற்றான், போப்பும் பெற்றார். தந்தவள் மட்டும் ஒருத்தி!

"அவளும் சரியென்றுதானே சொன்னாள்?" என்பர். தந்தை வேண்டாமென்றபோது கார்லோட்டாவின் மறுப்பு மறுப்பாயிற்று. தந்தை வேண்டுமென்றபோது சார்லட் மறுத்திருந்தால் அது என்னவாகியிருக்கும்? பிடிவாதம் என்றிருப்பர், நன்றி கெட்ட பெண் என்றிருப்பர். மறுக்க இடமில்லாத வாயிலிருந்து வரும் "சரி", இசைவு ஆகாது, எதிரொலி ஆகும்.

"அமைதிக்காகத்தானே?" என்பர். அமைதியா வந்தது? அதே 1499-ல் லூயியின் படை மிலான் நகரைப் பிடித்தது. பிரெஞ்சுப் படைத்துணையோடு சீசர் இமோலாவையும், 1500 தொடக்கத்தில் ஃபோர்லியையும் வென்றான். மணவிழாவிலே பின்னியது போர்க்கயிறு!

இனி நம் கொள்கைக்கே ஒரு சோதனை. மணமான சில திங்களில் இத்தாலிக்குப் போன சீசர் சார்லட்டிடம் திரும்பவேயில்லை. 1500-ல் பிறந்த மகள் லூயிசை அவன் கண்டதுமில்லை. 1507-ல் நவார் நாட்டு வியானாவில் போரிலே மாண்டான். சார்லட்டோ துக்க உடை பூண்டு, 1514-ல் இறக்கும்வரை மறுமணம் செய்யாமலே வாழ்ந்தாள். "பார்த்தீர்களா, அன்பு மலர்ந்ததே! பெரியோர் செய்தது பிழையா?" என்று கேட்பர்.

மலர்ந்திருக்கலாம், அவள் உள்ளத்தை அளக்க நமக்கு உரிமையில்லை. ஆனால் பாலையிலே ஒரு செடி பூத்தால் பெருமை செடிக்கு; நீர் ஊற்றாதவனுக்கு அன்று. அவள் அன்பு அவளுடைய உயர்வு. பேரம் பேசியவர்களின் நற்சான்றிதழ் அன்று.

உண்மையிலேயே அமைதி வந்திருந்தால்? ஆயிரம் உயிர் பிழைத்திருந்தால்? கடினமான கேள்விதான், ஒதுங்கிப் போக மாட்டோம். ஒருத்தி யாவும் அறிந்து, மறுக்கும் உரிமையும் பெற்று, "நானே ஏற்கிறேன்" என்றால் தலைவணங்குவோம். தியாகம் என்பது தன்னுடையதைத் தருவது. பிறர் வாழ்வை எடுத்துத் தருவதற்குப் பெயர் தியாகமன்று, விலை. விலை கொடுத்தவர்கள், கொடுக்கப்பட்டவளைத் தியாகி என்று புகழ்வது, கணக்கை மறைக்கப் போட்ட பூமாலை!

தோழர்களே! புரோகிதரின்றி, ஒருவரையொருவர் ஏற்கும் உறுதிமொழியே போதுமென்ற சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ல் சட்ட ஏற்பு பெற்றோம். சொல்லுக்கு மதிப்பு வந்தது. ஆனால் அந்தச் சொல் எதிரொலியா, இசைவா என்பதைச் சட்டம் நம் வீட்டுக்குள் வந்து பார்ப்பதில்லை. செல்வாக்குள்ள குடும்பம் என்பதற்காக, பகை தீரும் என்பதற்காக, ஒரு சம்பந்தம் பேசப்படும் நாளில் நாம்தான் தங்கையைத் தனியே அழைத்துக் கேட்க வேண்டும். "சம்மதமா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "வேண்டாமென்று சொல், இந்த வீட்டில் உன் இடம் மாறாது, உன் பக்கம் நான் நிற்பேன்" என்று முதலில் சொல்ல வேண்டும். அதன்பின் அவள் சொல்வதுதான் விடை.

கார்லோட்டாவின் பின்னே மணிமுடி நின்றது. மணிமுடி இல்லாத பெண்களின் பின்னே நிற்க வேண்டியவர்கள் நாமல்லவா?