கடன் தீருமா?

பெற்ற மகனை வளர்க்காது விட்டவர், முதுமையில் வந்து வருந்தினால் அக்கடன் தீருமா? 2015ஆம் ஆண்டு டான் ஃபோகல்மன் இயக்கத்தில் வெளிவந்த ‘டானி காலின்ஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இவ்வினாவை எழுப்புகிறது.

அல் பசினோ ஏற்று நடித்த டானி, முதுமை எய்திய ராக் இசைப் பாடகர். பழைய பாடல்களையே பாடிப் பொருள் சேர்த்து, மதுவிலும் போதையிலும் வாழ்நாளைக் கழித்தவர். இளமையில் ஜான் லெனான் தமக்கு எழுதிய மடல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கைக்கு வரவே, இசைப் பயணத்தை நிறுத்திவிட்டு, மகன் டாமைத் தேடி நியூ ஜெர்சி செல்கிறார். (மடல் செய்தி மெய்யே. இங்கிலாந்துப் பாடகர் ஸ்டீவ் டில்ஸ்டனுக்கு லெனான் 1971இல் எழுதியது, 2005இல்தான் அவருக்குத் தெரியவந்தது. மற்றவை கற்பனை, டானியின் பழியை அவர்மேல் ஏற்றலாகாது.)

வீட்டில் தந்தையைக் கண்ட டாம், வெளியேறுமாறு கூறுகிறான். அதனை நான் குற்றமாகக் கருதவில்லை. மன்னிப்புக் கேட்கலாம், கேட்டதனாலேயே அது உரிமையாகிவிடாது. மேலும், தனித்து நின்று அவனை வளர்த்த தாய் இன்று உயிருடன் இல்லை. அவள் பட்ட துன்பத்தை அவள் சார்பில் மகன் மன்னிக்க இயலுமா?

டானி முதலில் நாடுவது பணத்தை. ஓரிடத்தில் அமர இயலாத பேத்திக்குச் சிறப்புப் பள்ளியில் இடம் பெற்றுத் தருகிறார். பெற்றோர் அதனை ஏற்றது சரியே என்பேன். அத்தகைய குழந்தைகளை வகுப்பறையில் பல்லாண்டு கண்டவள் நான். பெரியோரின் பகை தீரும்வரை அவர்கள் கல்வி காத்திராது. ஆயினும், செல்வருக்குப் பணம் கொடுப்பது எளிது.

புதிய பாடல் பாட மேடையேறியவர், கூட்டம் பழைய பாட்டைக் கேட்டதும் பணிந்துவிடுகிறார். மீண்டும் போதை. திருந்துதல் ஒருநாட் செயலன்று என்பதைப் படம் மறைக்கவில்லை.

டாமுக்குக் குருதிப் புற்றுநோய். இறுதியில் மருத்துவரின் அறையில் முடிவுக்காகக் காத்திருக்கிறான். டானி அருகில் அமர்கிறார். தம்மை மன்னிக்குமாறு அப்போது அவர் வேண்டவில்லை. நல்ல செய்தியாயின் மருத்துவர் ‘டாம்’ என்றே அழைப்பார், தீயதாயின் குடும்பப் பெயரால் அழைப்பார் என்று பேச்சுக் கொடுத்து, மகனின் அச்சத்தைத் தணிக்க முயல்கிறார். பணம் செய்யாததை அந்தச் சில நிமிடங்கள் செய்தன என்றே நான் எண்ணுகிறேன்.

மகன் மன்னித்தானா என்பதைப் படம் வாய்விட்டுச் சொல்லவில்லை. கதவு திறக்கிறது, மருத்துவர் ‘டாம்’ என்றழைக்கிறார்.