அறுபதுக்கு மேல போகாதீங்க

நின்ற இடத்தில் ஒழுங்காக ஓடும் எஞ்சின், வேகமெடுத்தால் மட்டும் ஏன் சோர்ந்துபோகிறது? டர்போ, சூப்பர்சார்ஜர் உள்ள வண்டிகளில் மெக்கானிக்கை ரொம்பவே அலைக்கழிக்கிற புகார் இதுதான். டர்போ வெளியேறும் புகையின் விசையில் சுற்றுகிறது, சூப்பர்சார்ஜர் பெரும்பாலும் எஞ்சினோடு பூட்டிய பெல்ட்டில் சுற்றுகிறது. வேலை என்னவோ ஒன்றுதான்: சிலிண்டர் தானாக இழுப்பதைவிட அதிகக் காற்றை அதற்குள் திணிப்பது.

ஒரு சின்னக் கணக்கு. 2.5 லிட்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் 800 ஆர்பிஎம்-இல் சும்மா நின்று ஓடினால், அதன் சிலிண்டர்கள் நிமிடத்துக்கு 1000 லிட்டர் இடத்தை நிரப்ப வேண்டும். 3200-க்குப் போனால் 4000 லிட்டர். பாதி அடைத்த ஃபில்டர் ஆயிரத்தைத் தாராளமாக விடும், நாலாயிரத்தில் திணறும். தேய்ந்த பெல்ட் மெதுவாகச் சுற்றும்வரை பிடித்துக்கொண்டிருந்து, சுமை ஏறியதும் வழுக்கும். தளர்ந்த ஃப்யூயல் பம்பும் அப்படித்தான். எல்லாவற்றிலும் நுணுக்கமானது ஹோஸில் விழும் விரிசல். வண்டி நிற்கும்போது ரப்பர் தானாக ஒட்டிக்கொண்டு முழுசாகத் தெரியும். உள்ளே அழுத்தம் ஏறினால்தான் வாயைத் திறக்கும்.

ஆக, இந்தப் பழுதுகள் எதுவும் பட்டறையில் இருப்பதில்லை. சாலையில், சுமையோடு, வேகத்தில் மட்டும் இருக்கின்றன. அங்கே போகாதவருக்கு அவை இல்லவே இல்லை.

எங்கள் ஊர் ஏர்வாடிக்கு தர்காவுக்கு வரும் வேன்கள் அதிகம். போன சந்தனக்கூடு சமயத்தில் அப்படி ஒரு டீசல் வேன் எங்கள் தெருமுனைப் பட்டறையில் வந்து நின்றது. டிரைவர் சொன்னார்: "பாய், இழுவையே இல்ல. ஊர்ல ஒருத்தர்கிட்ட காட்டினேன். அறுபதுக்கு மேல போகாதீங்க, ஒண்ணும் ஆகாதுன்னுட்டார். அப்படித்தான் நாலு மாசமா ஓட்டுறேன்."

பட்டறைக்காரரை நாங்கள் காக்கா என்போம். அவர் எதையும் கழற்றவில்லை. "ஜியாரத் முடிஞ்சு உங்க ஆளுங்க வரட்டும். அவங்களோடயே போவோம்" என்றார். பன்னிரண்டு பேர், பைகள், ஒரு கைக்குழந்தை. சாயல்குடிப் பக்கம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் டிரைவர் பக்கத்தில் காக்கா, பின்சீட்டு ஓரத்தில் நான். அறுபதைத் தாண்டச் சொன்னார். கண்ணாடியில் கரும்புகை தெரிந்தது. "புகை தள்ளுதுல்ல, அப்ப டீசல் வருது, காத்துதான் பத்தல" என்றார். டீசல் குறைந்திருந்தால் புகையில்லாமல் சும்மா சோர்ந்திருக்குமாம். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருந்ததால் ஒரு ‘உஸ்’ சத்தமும் கேட்டது. திரும்பி வந்து ஹோஸைக் கழற்றி மடக்கிப் பார்த்தார். கிளாம்புக்குக் கீழே, கண்ணுக்குப் படாத பக்கத்தில், விரல் நீளத்துக்கு விரிசல்.

அந்த முதல் மெக்கானிக்கின் யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் சொன்னது பொய்யில்லை. அறுபதுக்குள் ஓட்டினால் புகார் நிஜமாகவே மறைந்துவிடும். பழுது தலைகாட்டும் நிலைமைக்கு வண்டியைப் போகவே விடாமல் செய்வதும் ஒருவகை வைத்தியம்தான். அதற்கு நோயைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

ஏர்வாடிக்காரனுக்கு இந்த இடத்தில் சங்கிலி ஞாபகம் வராமல் இருக்காது. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் சங்கிலியில் இருந்தார்கள், ஓட முடியவில்லை. அதற்குப் பிறகு அரசு அத்தகைய காப்பகங்களை மூடியது, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. உரிமம் இல்லாமல் மனநல விடுதி நடத்தக் கூடாது என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது என்பது தனிக் கதை.

மனுஷனும் எஞ்சினும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றில்லை. என் சங்கடமே அதில்தான் இருக்கிறது. வேனுக்குக் கிடைத்த ஒரு மணி நேரம், பக்கத்தில் உட்கார்ந்து கூடவே வந்த ஒரு ஆள், இதுகூட அந்த 28 பேரில் எத்தனை பேருக்குக் கிடைத்திருக்கும்? எந்தச் சுமையில், எந்த நேரத்தில், எந்தச் சொல்லில் அவர்களுக்குள் இருந்த விரிசல் திறந்தது என்று யார் பார்த்தார்கள்?

கட்டிவைத்த குடும்பங்களைக் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு இது. ராத்திரி எழுந்து ரோட்டுக்கு ஓடும் மகனை வைத்துக்கொண்டு ஒரு தாய் எத்தனை நாள் தூங்காமல் இருக்க முடியும்? காசில்லாத டிரைவர் அறுபதில் ஓட்டுவதைப் போலத்தான் அதுவும். அப்படியானால் கட்டுப்படுத்துவது எதுவரைக்கும் நியாயம்?

புது வண்டிகளின் கம்ப்யூட்டரிலேயே இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. சில பழுதுகளை உணர்ந்தால் அதுவே எஞ்சின் பலத்தைக் குறைத்துவிடும். லிம்ப் மோட் என்பார்கள், நொண்டி ஓட்டம். எஞ்சின் வெந்துபோகாமல் பட்டறை போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு. குடித்தனம் நடத்துவதற்கு அல்ல. சங்கிலியை ஒரு ராத்திரியின் தவிப்பாக என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அது முகவரியாகிப்போனால், கட்டியவர் மருத்துவரைத் தேடுவதை நிறுத்திவிட்டார் என்றுதான் அர்த்தம். தேடுவதை நிறுத்திய அந்த நாளில்தான் குற்றம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அது அந்தத் தாயின் குற்றம் மட்டுமில்லை. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு சங்கிலிச் சத்தம் கேட்டுப் பழகிப்போன ஊருக்கும் அதில் பங்குண்டு.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. தர்காவுக்கு வருகிறவர்களுக்கு துவாவோடு மருந்தும் சேர்த்துத் தரும் திட்டமும் ஏர்வாடிக்கு வந்தது. துவாவை விட்டுட்டு வா என்று யாரையும் விரட்டாதது எனக்குப் பிடித்திருக்கிறது.

காக்காவின் பில்லில் ஹோஸுக்கு ஒரு தொகை, லேபருக்கு ஒரு தொகை. சாயல்குடிச் சாலையில் கூடவே போய் வந்ததற்கு அதில் வரியே இல்லை. கேட்டதற்கு, "அதை என்னன்னு எழுதுறது?" என்றார். ஆஸ்பத்திரி ரசீதிலும் அதற்கென்று ஒரு வரியை நான் இதுவரை பார்த்ததில்லை.