பாதிப் பாட்டு

பழைய சினிமாப் பாட்டுப் புத்தகத்தில் பாட்டு பாதிதான் இருக்கும். சொற்கள் முழுதாக இருக்கும், தலைக்கு மேலே ராகமும் தாளமும் பொடி எழுத்தில் இருக்கும். மெட்டு மட்டும் இருக்காது. கதைச் சுருக்கம்கூட முக்கால் தூரம் வந்து, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும். கொட்டகை வாசலில் அணாக் கணக்கில் விற்ற சாணித்தாள் புத்தகம். வாங்கியவர் மெட்டைக் காதில் ஏற்றிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும்.

*

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறு. 1892இல் மில்வாக்கி நகரத்துச் சார்லஸ் ஹாரிஸ் என்பவர் தான் கட்டிய 'ஆஃப்டர் தி பால்' என்றொரு பாட்டை வெளியிட்டார். வால்ட்ஸ் நடனத்துக்குரிய மூன்றெண்ணிக்கைத் தாளம். கிழவர் ஒருவர், தான் ஏன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்று ஒரு சிறுமிக்குச் சொல்கிறார். நடன விருந்தில் காதலி வேறொருவனை முத்தமிடுவதைக் கண்டு, விளக்கம் கேட்காமலே விலகிப் போனவர் அவர். அவள் இறந்த பிறகுதான் தெரிகிறது, அவன் அவளுடைய சகோதரன் என்று. ஸ்வரக்குறிப்போடு அச்சான அந்தத் தாள் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் இசையமைப்பாளர் சூசாவின் பேண்டு அதை வாசித்ததும் விற்பனைக்குக் கைகொடுத்தது. வீட்டில் பியானோவும் அதை வாசிக்கத் தெரிந்த ஒரு பெண்ணும் இருந்தால் போதும், பாட்டு நடுக்கூடத்துக்கு வந்துவிடும்.

ஆனால் ஹாரிஸுக்கு ஸ்வரக்குறிப்பு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அவர் பாடிக் காட்ட, வேறொருவர் எழுதினார். அந்த வகையில் அவரும் நம் கொட்டகைத் தரை டிக்கெட்காரரும் ஒரே பள்ளிக்கூடம்.

*

நம் கொட்டகைக் கதைக்கு வந்தால், கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் படம் காட்டும் கருவி வாங்கி ஊர் ஊராகப் போனதும், பிறகு கோவையில் வெரைட்டி ஹால் கொட்டகை கட்டியதும் பலருக்கும் தெரிந்த கதை. நான் நினைத்துக்கொண்டிருப்பது சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவை. பாடக நடிகர் தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' அங்கேதான் படமானது. பாட்டு பாபநாசம் சிவன். வாத்திய இசையை ஒழுங்கு செய்தவர் ஜி. ராமநாதன். பெற்றவர்களை விரட்டிவிட்டுப் பிறகு உருகும் மகனின் கதை. காலம் கடந்து தெரியவரும் உண்மைக்கு எந்த ஊரிலும் கண்ணீர் உண்டுபோல.

1944 தீபாவளிக்கு வந்த படம் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அந்த ஆண்டுக் கடைசியிலேயே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதாகிவிட்டார். 1947இல்தான் விடுதலை. அப்படியானால் இரண்டாவது தீபாவளிக்கும் மூன்றாவதுக்கும் அவர் சிறையில் இருந்தார். திரையில் அவர் 'மன்மத லீலையை' எடுத்தால் கொட்டகை கூடவே பாடியது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குப் பாட்டைவிட அந்தத் தேதிகள்தான் துக்கமாக இருக்கின்றன.

*

ஹாரிஸின் வால்ட்ஸில் இருந்த மூன்றெண்ணிக்கை நமக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. கும்மிப் பாட்டு பெரும்பாலும் திஸ்ர நடைதான்: த-கி-ட, த-கி-ட. வால்ட்ஸில் ஒரு ஜோடி சுழல்கிறது, கும்மியில் ஊரே வட்டமாகச் சுழல்கிறது. கொங்குப் பக்கம் வள்ளி ஒயில் கும்மிக்கு இப்போது மறுபடி ஆள் சேர்கிறது. அதைக் கற்றுக்கொடுத்த கோவைப் பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வாத்தியார் ஓர் அடி பாட, ஆடுகிறவர்கள் திருப்பிப் பாடுகிறார்கள். கால் தப்பினால் பக்கத்துக் கால் திருத்திவிடும்.

*

மெட்டை அச்சிடாததைக் குறை என்று முன்பெல்லாம் நான் நினைத்ததில்லை. அச்சிடாததால்தான் ஒவ்வொரு வீட்டிலும் பாட்டு அவரவர் குரலுக்கு வளைந்தது; பொள்ளாச்சியில் ஒரு இழுப்பு, பவானியில் ஒரு குழைவு. எங்கள் அம்மிச்சி புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு பாடும்போது பாகவதரின் சங்கதி பாதிதான் வரும். மீதி அவர்களுடையது.

இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சினிமாவுக்கு முந்தைய நாடகப் பாட்டுப் புத்தகங்களையும் மலிவு விலைக் குஜிலிப் பதிப்புகளையும் புரட்டினால் பாட்டின் தலைப்பில், இது இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று போட்டிருக்கும். அந்த இன்ன பாட்டைத் தேடிப் போனால் அதன் தலையில் இன்னொரு பாட்டின் பெயர் இருக்கும். சங்கிலியின் கடைசிக் கண்ணி யாரோ ஒருவர் தொண்டையில் இருந்தது. அவரோடு போய்விட்டது. இசைத்தட்டு ஏறிய பாட்டுக்கும், படச்சுருள் மிஞ்சிய பாட்டுக்கும் கவலையில்லை. படச்சுருளே அழிந்துபோன படங்கள் நம்மிடம் ஏராளம். அவற்றில் பலவற்றுக்குப் பாட்டுப் புத்தகம் ஒன்றுதான் மிச்சம். ஹாரிஸின் வால்ட்ஸை இன்றும் ஒருவர் தாளைப் பார்த்து வாசித்துவிடலாம், இந்தப் பாட்டுகளை முடியாது.

*

வீட்டுப் பரணில் இப்படிப் புத்தகம் ஏதாவது கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீங்க. சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, இத்தகைய புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். ஆனால் அனுப்புவதற்கு முன்னால் ஒரு வேலை: வீட்டில் எண்பது தாண்டியவர் யாராவது இருந்தால் அவர் கையில் அதைக் கொடுத்துப் பாடச் சொல்லுங்க. செல்போனில் பதிவு செய்து, எந்தப் படம், யார் பாடினது, எந்த ஊர் என்று எழுதி, புத்தகத்தோடு சேர்த்தே அனுப்புங்க.