பலகைக்கு ஏது குலம்?

சரக்கு உள்ளே போகிறது. அதைச் சுமந்து வந்த பலகை வெளியே கிடக்கிறது. இயந்திரத்துக்கு மாலை உண்டு, மஞ்சள் உண்டு, குங்குமம் உண்டு. அந்த இயந்திரம் நசுங்காமல், நனையாமல், நெளியாமல் கடலும் கரையும் கடந்து வரத் தாங்கி நின்ற மரத்துக்கோ மதிலோரமும் மழையும் கரையானும்! சுமக்கப்பட்டது உள்ளே, சுமந்தது வெளியே என்னும் இந்த நீதி நமக்குப் புதியதா? கல்லைச் சுமந்தவன் கோபுரத்துக்கு வெளியே நின்ற நாடுதானே இது! பலகையைப் பற்றிப் பேச வந்தவர்கள் மனிதனைப் பற்றிப் பேசுகிறார்களே என்று தோழர்கள் எண்ண வேண்டாம். இரண்டு இடத்திலும் எழுவது ஒரே கேள்வி. ஒன்றன் மதிப்பை எதைக் கொண்டு அளப்பது? அது வந்த வழியைக் கொண்டா, அதனால் ஆகும் பயனைக் கொண்டா?

நெய்வேலியில் வாழ்வோருக்குப் பெட்டிப் பலகையை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வெளியூர்த் தோழர்களுக்காகச் சொல்கிறோம். கனத்த இயந்திர உறுப்புகள் மரப்பெட்டியில் வரும். அல்லது பலகைத் தட்டின்மேல் கட்டப்பட்டு வரும். மேலே இடைவெளி விட்டு அடித்த பலகைகள், அடியில் மூன்று வரிசைக் கட்டைகள், இடையே தூக்குவண்டியின் இரும்பு விரல்கள் நுழைய வழி. தட்டு என்றால் இவ்வளவுதான். கிடங்குக்காரர்கள் இதைப் 'பேலட்' என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் இதைப் பெருமளவில் கையாண்டனர். இன்றோ உலக வாணிகத்தின் பெரும்பகுதி இதன் முதுகில்தான் ஏறிச் செல்கிறது. பெரும்பாலும் பைன், ரப்பர் மரம் போன்ற மலிவான மரங்கள். ஒரு கால் ஒடிந்தால் தட்டின் வாழ்வு முடிந்தது. பழைய சாமான் கடைக்கு வரும். அங்கிருந்து விறகு விலைக்கு அடுப்புக்குப் போகும்.

அடுப்புக்குப் போக இருந்த அந்தப் பலகைகளை விலைக்கு வாங்கி, நம் மாணவர் சிலருடன் சேர்ந்து ஒரு படிப்பகத்துக்கு நூலடுக்கும் இரண்டு பெஞ்சும் செய்ய முனைந்தோம். விலைக்கு வாங்கி என்பதை அழுத்திச் சொல்கிறோம். பொதுத்துறை முற்றத்தில் கிடக்கும் துருப்பிடித்த ஆணியும் மக்கள் சொத்து. அது முறைப்படி விற்கப்பட்டு வெளியே வந்த பிறகே எவரும் கைவைக்கலாம். 'யாருக்கும் பயன்படாமல்தானே கிடக்கிறது' என்பது திருட்டுக்குச் சொல்லப்படும் மிகப் பழைய வேதாந்தம்.

செய்தி பரவியதும் தடைகளும் வந்தன. முதலில் வந்தவர் மாணவன் ஒருவனின் பாட்டனார். "கண்ட இடத்தில் கிடந்த மரம், தம்பி. எதைச் சுமந்ததோ, எவன் தொட்டானோ! படிக்கிற பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு ஆகுமா?" என்றார்.

பெரியவரை நாம் பழிக்கவில்லை. அவர் பேசியது அவருடைய பேச்சன்று. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைய பேச்சு. கி.பி. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய 'பிருகத் சம்ஹிதை' சிலை செய்வதற்கு மரம் தேடும் முறையைக் கூறுகிறது. சுடுகாட்டில் நின்ற மரம் ஆகாது. வழியோரத்து மரம் ஆகாது. இடி விழுந்தது, காற்று முறித்தது, யானை ஒடித்தது எதுவும் ஆகாது. அத்தோடு விட்டாரா? பிராமணனுக்குத் தேவதாரும் சந்தனமும், சூத்திரனுக்கு மாவும் மருதும் என்று காட்டுக்குள்ளும் வருணம் வகுத்து வைத்தார்! மனிதனை நான்காகப் பிளந்த கோடரி மரத்தையும் விடவில்லை. மாமரம் இதை அறியாது. எல்லார்க்கும் ஒரே இனிப்பைத் தந்துகொண்டிருக்கிறது.

காற்று முறித்த மரம் ஆகாது என்றால், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர்க் கரையைக் கடந்தபோது வீழ்ந்த பண்ருட்டிப் பலாக்களை என்ன செய்திருக்க வேண்டும்? பழைய வீட்டு மரம் புதுவீட்டுக்கு ஆகாது என்றால், காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு மாளிகைகளின் பழைய கதவுகளையும் தூண்களையும் போட்டி போட்டு வாங்கிச் செல்வோர் யார்? சாத்திரம் பார்க்காத நாத்திகர்கள் மட்டுமா? பர்மாத் தேக்கு பழையதானால் அதற்குப் பாரம்பரியம் என்று பெயர். பெட்டிப் பலகை பழையதானால் குப்பை என்று பெயர். பணப்பை கனமாக இருக்குமிடத்தில் தோஷம் வாசலோடு நின்றுவிடுகிறது.

ஆயினும் பெரியவரின் பேச்சில் ஒரு சொல்லை நாம் தள்ளிவிடவில்லை. "எதைச் சுமந்ததோ!" கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்க வேண்டிய காரணம் மட்டும் வேறு.

பலகைக்குள் வண்டு ஒளிந்து வரும். 1996இல் நியூயார்க்கு நகரத்து மரங்களில் ஆசிய நீள்கொம்பு வண்டு காணப்பட்டது. சரக்குப் பெட்டியின் மரத்தில் புகுந்தே அது கடல் தாண்டியிருக்க வேண்டும் என்று அறிவியலார் கண்டனர். இத்தகைய கேட்டைத் தடுக்க 2002இல் உலக நாடுகள் ஒரு நெறி வகுத்தன. நாடு விட்டு நாடு செல்லும் பெட்டி மரத்தின் நடுப்பகுதி 56 பாகை வெப்பத்தை எட்டி 30 நிமிடம் அந்நிலையில் நிற்க வேண்டும்; அல்லது நச்சுப்புகை ஊட்டப்பட வேண்டும். எது செய்யப்பட்டதோ அதைப் பலகையிலேயே முத்திரையிட வேண்டும். ஒரு கோதுமைக் கதிரின் படம், நாட்டின் குறி, பக்கத்தில் இரண்டு எழுத்து. 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பம் ஊட்டியது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு ஊட்டியது. பின்னது கொடிய நஞ்சு. ஓசோன் படலத்தையும் கெடுப்பது. அந்த வாயு பெரும்பாலும் கலைந்து போயிருக்கும் என்றாலும், பிள்ளைகள் நாள்தோறும் கைவைக்கும் பெஞ்சுக்கு அந்தப் பலகையை நாம் எடுப்பதில்லை. முத்திரையே இல்லாத உள்நாட்டுத் தட்டுகளும் உண்டு. அவற்றில் எண்ணெய்க் கறை, மருந்து நாற்றம், அறியாத சாயம் எது தென்பட்டாலும் ஒதுக்கிவிடுகிறோம். அவற்றை அடுப்பிலும் வைக்கலாகாது. புகையாகி மூச்சில் ஏறும்.

"ஆக, நீங்களும் தீட்டுப் பார்க்கிறீர்களே!" என்று பெரியவர் சிரித்தார். நல்ல அடி. மறுமொழி சொல்லியாக வேண்டும்.

நாம் பார்ப்பது தீட்டன்று. ஒரு பொருளிடம் அதன் வரலாற்றைக் கேட்பது ஒன்று. அதன் குலத்தைக் கேட்பது மற்றொன்று. வரலாறு கேட்பவன் விடையை அறியாமல் கேட்கிறான். முத்திரையைப் பார்க்கிறான், முகர்கிறான், கீறிப் பார்க்கிறான். நல்லது என்று தெரிந்தால் ஏற்கிறான். குலம் கேட்பவனோ விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறான். அவனிடம் எந்தச் சான்றைக் காட்டியும் பயனில்லை. ஆயிரம் முறை கழுவினாலும் அவன் கண்ணுக்குத் தீட்டுப் போகாது. நஞ்சு பட்ட பலகையை ஒதுக்கும் நாம், அதன் பக்கத்தில் கிடந்த பலகையையும், அதே மரத்தில் அறுத்த பலகையையும் சேர்த்து ஒதுக்குவதில்லை. தீட்டோ தந்தையிடமிருந்து மகனுக்கும், மகனிடமிருந்து பேரனுக்கும் இறங்கும். உலகில் எந்த நஞ்சும் இப்படி இறங்கியதில்லை. "உங்கள் தந்தையார் யார்?" என்று வேலை கேட்டு வந்தவனிடம் வினவுகிறார்களே, அவர்கள் தேடுவது எந்த முத்திரையை?

இந்த வேறுபாட்டைக் காண நெய்வேலிக்காரர் நெடுந்தொலைவு போக வேண்டாம். 1930களில் சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வந்தது. உயர்ந்த சாதி நிலக்கரியோடு ஒப்பிட்டால் மட்டம். எடையில் ஏறத்தாழப் பாதி நீர். வெளியே குவித்து வைத்தால் நொறுங்கும், தானே தீப்பற்றும். குலம் பார்த்திருந்தால் மண்ணை மூடிவிட்டுப் போயிருக்க வேண்டியதுதான். இயல்பு என்ன என்று கேட்டார்கள். அந்த இயல்புக்கேற்ற கொதிகலனைச் சோவியத்துப் பொறியாளர் உதவியோடு அமைத்தார்கள். 1956இல் நிறுவனம் பிறந்தது. 1962இல் மின்சாரம் பிறந்தது. அந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. பழுப்பு நிலக்கரியும் பல கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற மரந்தான். அதை எரித்தால் வானில் ஏறும் கரிக்கு உலகம் இன்று கணக்குக் கேட்கிறது. பலகையையும் எரித்தால் அதே கணக்கில் சேரும். அடுக்காகச் செய்து வைத்தால் அடுக்கு உள்ளவரை கரி மரத்துக்குள்ளேயே இருக்கும்.

இரண்டாவது தடை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. நம் தோழர் ஒருவரே எழுப்பினார். "பள்ளிப் பிள்ளைகள் கையில் உளியும் வாளுமா? 1953இல் இராசாசி கொண்டுவந்ததும் இதுதானே!" என்றார். நெஞ்சைத் தொட்ட கேள்வி. அரை நாள் பள்ளி, மீதி நேரம் தந்தையின் தொழில் என்ற அந்தத் திட்டத்துக்குக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். 1954இல் காமராசர் முதல்வரான பின் அது கைவிடப்பட்டது. அந்தப் போராட்டம் தோற்றிருந்தால் இன்று இந்தக் கட்டுரையை நாம் எழுதியிருப்போமா என்பதே ஐயம்.

ஆனால் அன்று எதிர்க்கப்பட்டது உளியா? தச்சன் மகன் கையில் மட்டும் உளி, மற்றவன் மகன் கையில் மட்டும் ஏடு என்ற ஏற்பாடு அல்லவா! உளியை வெறுத்தால் அந்த ஏற்பாட்டின் பாதியை நாமே காப்பாற்றியவர்கள் ஆவோம். கைவேலை இழிவு என்பதுதான் அதன் மறுபாதி. நம் குழுவில் பொறியாளர் மகளும் இருக்கிறாள். ஒப்பந்தத் தொழிலாளி மகனும் இருக்கிறான். தச்சர் வீட்டுப் பிள்ளை ஒருவனும் இருக்கிறான். அவனுக்கு நாம் கொடுத்த பொறுப்பு நூல்களுக்கு எண்ணிட்டுப் பட்டியல் எழுதுவது. பொறியாளர் மகளுக்கு ஆணி பிடுங்கும் வேலை. அதில் அவள் கைதேர்ந்துவிட்டாள்.

ஆணி பிடுங்குவது எளிதென்று நினைப்பவர்கள் ஒரு தட்டைப் பிரித்துப் பார்க்கட்டும். அதில் அடித்திருப்பது வழவழப்பான ஆணியன்று. உடலில் வரி வரியாகப் பிடிப்பு உடையது. பலகையின் முனையை நெம்பினால் ஆணி வராது, பலகைதான் பிளக்கும். கட்டையை ஒட்டிச் சிறிது சிறிதாக இருபுறமும் தளர்த்த வேண்டும். முடியாத இடத்தில் பலகைக்கும் கட்டைக்கும் இடையே இரும்பறுக்கும் வாளை நுழைத்து ஆணியையே அறுக்க வேண்டும். இதைக் கற்றுத் தர ஒரு தச்சரைக் கூலி கொடுத்து அழைத்தோம். "உள்ளே ஒடிந்த ஆணியைத் தேடாமல் இழைப்புளியை ஓட்டினால் அலகு போச்சு" என்பது அவருடைய முதல் பாடம். மூன்றடிக்கு மேல் நடுவே தாங்கல் இல்லாமல் பலகையை நீட்டினால் புத்தகச் சுமையில் தொய்யும் என்பது இரண்டாவது. மாணவர்கள் அவரை 'ஐயா' என்று அழைத்தார்கள். வந்த அன்று அவர் தரையில் உட்காரப் போனார். ஆசிரியர் நாற்காலியைக் காட்டினோம். ஐம்பது ஆண்டு நாற்காலி செய்தவர் ஒரு நாற்காலியில் அமர அத்தனை தயங்கினார்!

மூன்றாவது கேள்வி நமக்குள்ளேயே எழுந்தது. இன்னும் முழுதும் அடங்கவில்லை. கழித்த பலகையில் அழகு காணுங்கள் என்று ஏழையிடம் சொல்வது யாருக்கு வசதி? 1934இல், உலகப் பொருளாதாரச் சரிவின் நாளில், ஆலந்து நாட்டின் கெரிட் ரீட்ஃபெல்ட் என்னும் கட்டடக் கலைஞர் சரக்குப் பெட்டி மரத்தால் எளிய நாற்காலி அமைத்தார். வாங்குவோர் தாமே பூட்டிக்கொள்ளும்படி விற்கப்பட்டது. அவரும் தச்சர் மகன்தான். அந்த நாற்காலி இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பெருநகரத்து உணவு விடுதிகளிலும் பெட்டிப் பலகை மேசைகள் புதுப்பாங்கு என்று புகழப்படுகின்றன. அதே பலகையால் குடிசைக்குக் கதவு அடித்தவனை எவரும் கலைஞன் என்று அழைத்ததில்லை. பலகைக்குக் கிடைத்த விடுதலை, அதைப் பிரித்தெடுத்த கைகளுக்குக் கிடைக்கவில்லை. குப்பையிலிருந்து வந்த மரத்தை வரவேற்பறையில் வைப்போம். குப்பையைப் பிரிப்பவரை வாசற்படியில் நிறுத்தித் தனிக் குவளையில் நீர் தருவோம் என்றால், அது என்ன சீர்திருத்தம்?

ஆகவே ஒன்றில் நாம் கறாராக இருக்கிறோம். அரசு தர வேண்டிய வகுப்பறைப் பெஞ்சுக்கு ஈடாக நம் பெஞ்சைக் காட்ட எவரையும் விடமாட்டோம். பள்ளிக்கு உரிய பெஞ்சைக் கேட்டுப் பெறுவது உரிமை. படிப்பகத்துக்கு நாமே செய்துகொள்வது விருப்பம். விருப்பத்தைக் காட்டி உரிமையை மறுப்பது ஆதிக்கக்காரர்களுக்குக் கைவந்த தந்திரம். ஆண்டுக்கணக்கில் சுரங்கத்திலும் ஆலையிலும் சுமை தாங்கிவிட்டு, நிரந்தரம் என்னும் வாசலுக்கு வெளியே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடம், கிடைத்ததைக் கொண்டு சிக்கனமாக வாழுங்கள் என்று உபதேசிக்க இந்தப் பலகைகளை எவரும் சாட்சிக்கு அழைக்க வேண்டாம்.

நூலடுக்கு முடிந்துவிட்டது. நான்கு தட்டு, அடியில் கரையான் ஏறாதபடி செங்கல்மேல் நிறுத்தியிருக்கிறோம். ஒரு பலகையில் கோதுமைக் கதிர் முத்திரை இழைப்புக்குத் தப்பி நிற்கிறது; வருகிறவர்கள் எல்லாரும் அதைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்கிறார்கள். பெரியவர் மாலையில் வந்து செய்தித்தாள் படிக்கிறார். பெஞ்சில் உட்காருவதற்கு முன் துண்டை விரித்துக்கொள்கிறார். மேல்தட்டுச் சிறுவர்களுக்கு எட்டவில்லை. இரண்டு படி வைத்த முக்காலி ஒன்று வேண்டும். கட்டை இருக்கிறது, நீண்ட திருகாணிதான் வாங்க வேண்டும்.