தீர்ப்பு நாளும் மௌன வானமும்

உலகம் ஒரு நாள் முடிந்தே தீரும் என்ற நம்பிக்கை பல சமயங்களுக்கும் பொதுவானதேயாயினும், அம்முடிவை ஒரு வழக்கின் தீர்ப்பாகவே பாவித்து, நீதிபதியையும் புண்ணியவான்களையும் பாவிகளையும் ஒரே சுவரில் நிறுத்தி எழுதிவைப்பதில் மத்தியகால ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் காட்டிய சிரத்தை அலாதியானது. இத்தாலியில், பாதுவா நகரத்து ஸ்க்ரொவேஞி ஆலயத்தின் மேற்குச் சுவரை நிறைத்துக்கொண்டு, 1305-ஆம் ஆண்டையொட்டி ஜியோத்தோ தீட்டிய சித்திரம் அதற்கு உத்தமமான சான்று. உச்சியில் இரண்டு தேவதூதர்கள் ஆகாயத்தையே பாய்போலச் சுருட்டுகிறார்கள். நடுவே கிறிஸ்து வீற்றிருக்க, அவரைச் சூழ்ந்த ஒளிவட்டத்திலிருந்து புறப்படும் நெருப்பாறு நரகத்துக்குள் பாய்கிறது. அங்கே வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகிறார்கள். எதிர்ப்புறத்தில் மண்டியிட்டு, ஆலயத்தின் சிற்றுருவைக் காணிக்கையாகச் சமர்ப்பிப்பவர், அதைக் கட்டுவித்த என்ரிக்கோ ஸ்க்ரொவேஞி. அவருடைய தந்தையைத்தான், வட்டி வாங்கிய பாவத்துக்காகத் தாந்தே தம் காவியத்தில் நரகத்துக்கு அனுப்பினார்.

இத்தகைய சித்திரங்கள் பாமரரை அச்சுறுத்தி அடக்குவதற்குக் குருமார் கையாண்ட உபாயமே என்று சொல்வோர் உண்டு. அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆயினும், மேற்றிராணியாரின் தலையணி தரித்த ஒருவரையும் அதே நரகத்தில் எழுத ஜியோத்தோ தயங்கவில்லை என்பதைக் கவனித்தால், இவ்வுலகில் கேட்பாரற்றுப் போன அநியாயங்களை என்றேனும் ஒருவர் கேட்பார் என்ற ஆறுதலும் அந்த அச்சத்தோடு கலந்தே இருந்தது என்பது புலப்படும்.

அந்த ஆறுதல் தளர்ந்துபோன காலத்தின் கலைஞர், ஸ்வீடன் தேசத்து இங்மார் பெர்க்மன். லூத்தரன் போதகரின் புதல்வராகிய அவர், பிள்ளைப் பிராயத்தில் தந்தையோடு கிராமத்துத் தேவாலயங்களுக்குச் சென்று, அவற்றின் பழஞ்சித்திரங்களில் மனத்தைப் பறிகொடுத்தவர். ஸ்டாக்ஹோமுக்கு அருகிலுள்ள டேபி தேவாலயத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில் ஆல்பெர்ட்டஸ் பிக்டர் எழுதிய, மனிதனோடு சதுரங்கம் ஆடும் மரணத்தின் உருவமே, அணுகுண்டின் பீதி உலகைக் கவ்வியிருந்த 1957-இல் அவர் வெளியிட்ட ‘ஏழாம் முத்திரை’ திரைப்படத்தின் மூலக்காட்சி ஆயிற்று. கொள்ளைநோய் பரவிய நாட்டுக்குச் சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வீரன், கடவுள் தன்னிடம் பேசமாட்டாரா என்று ஏங்குகிறான், பதில் வரவில்லை. விவிலியத்தின் வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழாம் முத்திரை உடைக்கப்பட்டபோது பரலோகத்தில் அரைமணி நேரமே நீடித்த அமைதி, இங்கே முடிவற்ற மௌனமாகிவிடுகிறது. எனினும் அவன், தோல்வி நிச்சயம் என்று அறிந்தபின், காய்களை வேண்டுமென்றே கவிழ்த்து மரணத்தின் கவனத்தைத் திருப்பி, ஓர் ஏழைக் கூத்தாடியின் குடும்பத்தைத் தப்பவைக்கிறான். வெகுமதி தருவாரும் தண்டிப்பாரும் உண்டு என்ற உறுதி இல்லாமலே செய்யப்பட்ட தர்மம் அது.

லார்ஸ் வான் ட்ரையரின் ‘மெலன்கோலியா’ (2011) என்னும் திரைப்படம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் வேற்றுக் கிரகம் ஒன்று மோதிப் பூமி அழிகையில், நல்லவரும் தீயவரும் பாகுபாடின்றி மாய்கிறார்கள். அங்கும், சிறுவன் ஒருவனின் பயத்தைத் தணிக்க, மரக்கிளைகளால் ஒரு கூடாரம் கட்டி அவன் கையைப் பற்றிக்கொள்ளும் பெண் ஒருத்தி இருக்கிறாள்.

கட்டிடங்கள் சரிவதையும் நகரங்கள் மூழ்குவதையும் வேடிக்கை காட்டிப் பொருளீட்டும் படங்களோ, தப்புவது யார் என்ற ஒரே கேள்வியோடு நம்மை ஆசனத்தில் அமர்த்திவிடுகின்றன. ஜியோத்தோவின் சுவர் கேட்டது, நீ எந்தப் பக்கத்தில் நிற்பாய் என்று. பெர்க்மன் கேட்டது, பார்ப்பார் இல்லாதபோதும் நீ நன்மை செய்வாயா என்று. இரண்டாவது கேள்வியே கடினமானது. அதற்கு ஆம் என்று சொல்லக்கூடியவனுக்குத்தான் முதல் கேள்வியைக் கண்டு அஞ்ச வேண்டிய அவசியம் இல்லை.