ஓதுவாரற்ற மறை: கொல்கத்தா யூதரை முன்னிட்டு ஒரு சிந்தனை

ஒரு நூல் மறைநூலாவது அதன் எழுத்தாலா, அதனை ஓதும் கூட்டத்தாலா? கொல்கத்தாவைப் பொறுத்தவரை இவ்வினா வெறும் தருக்க விளையாட்டன்று. 1798இல் அலெப்போவைச் சார்ந்த சலோம் கோகன் இந்நகருக்கு வந்தார். பின்னர்ப் பாக்தாது யூதர் பெருகினர். போலாக் தெருவில் பெத் எல் (1856), கானிங் தெருவில் மாகன் டேவிட் (1884) ஆகிய தொழுகைக் கூடங்கள் எழுந்தன. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சில ஆயிரவராக இருந்தோர் 1947க்குப் பின் இசுரேல், இங்கிலாந்து முதலிய நாடுகளுக்குப் பெயர்ந்தனர். இன்று எஞ்சியோர் முப்பதின்மருக்கும் குறைவு.

யூத மறை 24 நூல்களின் தொகுதியாகும். அவற்றுள் முதல் ஐந்தாகிய தோராவே தலையாயது. 304,805 எழுத்துகளைத் தோலில் கையால் எழுதுவர். ஓரெழுத்துக் குறையினும் மிகினும், திருத்தப்படும்வரை அச்சுருள் ஓதுதற்கு ஆகாது. மனப்பாடமாக அறிந்தவரும் சுருளை நோக்கியே ஓதல் வேண்டும். வேதத்தை எழுதாக்கிளவி எனக் கொண்ட மரபுக்கு இது நேர்மாறு. எனினும் எழுத்தை இத்துணைப் போற்றும் அம்மரபே, அகவை நிரம்பிய ஆடவர் பதின்மர் கூடாவிடின் தோராவைப் பொதுவில் ஓதலாகாது என்கிறது. எழுத்து முழுமையாயிருந்தும் மறை வாய்திறவா நிலை இதனால் நேர்கிறது.

ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்ட வழக்கத்தை உ.வே.சா. வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். அங்குப் புனிதம் என்னும் எண்ணமே அழிவுக்குத் துணைபோயிற்று. கொல்கத்தாவிலோ கூடங்களைத் தலைமுறைகளாகப் பேணிவருவோர் ஒடிசாவிலிருந்து வந்த இசுலாமியக் குடும்பத்தினர். அவர்கள் தோராவை ஓதுவோர் அல்லர். கூலிக்குச் செய்யும் பணிதானே எனலாம். கூலி துடைப்பத்தை எடுக்கச் செய்யும்; தந்தைக்குப் பின் மகனும் அதே வாயிலில் நிற்பதைக் கூலி ஒன்றே விளக்காது.

பழுதுற்றுத் திருத்த இயலாத சுருளை மண்ணில் அடக்கம் செய்தல் யூத வழக்கம். பழுதற்ற சுருள் ஓதுவாரை இழந்தால் அதற்கு அடக்கம் இல்லை. பதின்மர் கூடும் வேறோர் ஊருக்கு அதனைக் கொடுக்கலாம். அங்ஙனம் கொடுப்பின் மறை வாழும், கூடம் வெறுமையாகும். மறையின் பக்கமே நிற்க என் அறிவு சொல்கிறது. ஆயினும் பேழை வெறுமையான பின்னும் வாயிலைத் திறந்து விளக்கேற்றுவோரிடம், அவர்தம் காவல் இனி எதற்கு என்று கேட்க எனக்கு உரிமை உண்டெனத் தோன்றவில்லை.